ஐந்து ஊரில் ஆபீஸ் இருந்தும் வரி இல்லை, ஓர் ஆபீஸும் இல்லாமல் வரி: இந்தியாவுக்குள் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி நுழையும் வழிகள்

சிங்கப்பூரில் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து மென்பொருள் கம்பெனி நடத்துகிறான் என் சித்தப்பா மகன். போன மாதம் போனில் கேட்டான்: "அண்ணே, சென்னையில ஒரு டீம் போடலாம்னு இருக்கோம், எட்டுப் பேர். ஒரு பிரைவேட் லிமிடெட் பதிஞ்சிட்டா போதுமா, இல்ல சிங்கப்பூர் கம்பெனியோட பிராஞ்சா போட்டா செலவு கம்மியா?" நான் திருப்பிக் கேட்டேன், "அந்த எட்டுப் பேரும் இங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போறாங்க?" அவனுக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகப் பட்டது. நான் இந்தப் பதிவு வேலைகளைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வருகிறவர்கள் எல்லோருமே இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எந்த அமைப்பு மலிவு, எதற்கு வரி குறைவு என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆனால் நாம் என்ன பெயரில் பதிந்தோம் என்பதைவிட நம் ஆள் அங்கே என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் வரித்துறையும் ரிசர்வ் வங்கியும் கோர்ட்டும் பார்க்கின்றன. அதைத் தெளிவாக எழுதி வைத்துக்கொண்டால் எந்த அமைப்பு என்பது பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு வழக்குகள் போதும். இரண்டுமே அமீரகத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த கம்பெனிகளின் வழக்குகள், இரண்டும் ஒரே இந்திய-அமீரக வரி ஒப்பந்தத்தின் கீழ் உச்சநீதிமன்றம் வரை போனவை.

முதலாவது யுஏஇ எக்ஸ்சேஞ்ச். வளைகுடாவில் வேலை பார்த்த யார் வீட்டிலும் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அங்கே உழைக்கிறவர் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். பணத்தை அமீரகத்தில் வாங்கிக்கொள்கிறார்கள், கட்டணத்தையும் அங்கேயே வாங்கிவிடுகிறார்கள். இந்தியாவில் 1996-இல் ரிசர்வ் வங்கியிடம் அனுமதி வாங்கி, கொச்சியில் தொடங்கி சென்னை, டெல்லி, மும்பை, ஜலந்தர் என்று லயசன் ஆபீஸ்கள், அதாவது சம்பாதிக்காமல் தொடர்பு வேலை மட்டும் பார்க்கும் ஆபீஸ்கள், வைத்தார்கள். அந்த ஆபீஸ்களின் வேலை, அமீரகத்து சர்வரிலிருந்து விவரங்களை இறக்கி, செக்கோ டிராப்டோ அச்சடித்து, குடும்பத்தாருக்குக் கூரியரில் அனுப்புவது. வரித்துறை என்ன சொன்னது? பணம் அனுப்பும் சேவையில் பாதி இந்தியாவில் நடக்கிறது, ஆகவே லாபத்தில் ஒரு பங்குக்கு இங்கே வரி கட்டு என்றது. 2004-இல், வரிக் கேள்விகளுக்கு முன்கூட்டியே தீர்ப்பு சொல்லும் முன் தீர்ப்பு ஆணையமும் அப்படியே சொன்னது. கம்பெனி விடவில்லை. 2009-இல் டெல்லி உயர்நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது, 2020 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. செக் அச்சடித்து அனுப்புவது பிரதான வியாபாரத்துக்குத் துணை வேலை மட்டுமே, அந்த ஆபீஸ்கள் யாரிடமும் ஒரு ரூபாய் கட்டணம் வாங்கவில்லை, ஒப்பந்தமும் போடவில்லை, எனவே அவை இங்கே வரி விதிக்கத்தக்க தொழிலிடம் ஆகாது என்றது தீர்ப்பு.

இரண்டாவது ஹயாத் ஹோட்டல் வழக்கு. துபாயில் பதிவான ஹயாத் குழுமக் கம்பெனி ஒன்று, டெல்லியில் உள்ள ஹோட்டலின் உரிமையாளர்களோடு 2008-இல் 20 வருட ஒப்பந்தம் போட்டது, ஹோட்டலை எப்படி நடத்துவது என்று வழிகாட்ட. இந்தியாவில் எங்களுக்கு ஆபீஸே இல்லை, அறை இல்லை, மேசை இல்லை, எங்கள் ஆட்கள் வந்து போகிறார்கள், அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அறை வாடகை விலையிலிருந்து ஆட்களை வேலைக்கு வைப்பது வரை, ஹோட்டலின் அன்றாட நடத்தையில் உங்கள் பிடி இருக்கிறது, வருமானத்தோடு சேர்ந்து உங்கள் கட்டணமும் ஏறுகிறது, அப்படியானால் அந்த ஹோட்டல்தான் உங்கள் தொழிலிடம் என்று சொல்லிவிட்டது.

ஐந்து ஊரில் பலகை மாட்டியவருக்கு வரி இல்லை, பலகையே மாட்டாதவருக்கு வரி. இந்தத் தொழிலிடத்தைத்தான் வரி வக்கீல்கள் பெர்மனன்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட் என்பார்கள். ஆடிட்டர் ஆபீஸில் சுருக்கமாகப் பி.இ. "எங்களுக்கு அங்கே பி.இ. இருக்கா இல்லையா" என்பதுதான் எந்த நாட்டுக்குள் நுழையும்போதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கம்பெனி பதிந்தவர் பதியாதவர் இருவருக்கும் அது பொருந்தும்.

சரி, இந்தியாவுக்குள் வர என்னென்ன வாசல்கள் இருக்கின்றன?

லயசன் ஆபீஸ்தான் இருப்பதிலேயே மெலிதானது. சந்தையைப் பார்க்கலாம், ஆட்களைச் சந்திக்கலாம், தாய்க் கம்பெனிக்கும் இங்குள்ள வாடிக்கையாளருக்கும் இடையில் தகவல் போய்வர உதவலாம். சம்பாதிக்கக் கூடாது, செலவு முழுவதும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வர வேண்டும். 2016-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிமுறை, தாய்க் கம்பெனி அதற்கு முந்தைய 3 வருடம் லாபம் காட்டியிருக்க வேண்டும், நிகர மதிப்பு (கடன் போக மிஞ்சும் சொத்து) குறைந்தது 50,000 டாலர் இருக்க வேண்டும் என்றது. அனுமதி பொதுவாக 3 வருடத்துக்கு. ஒவ்வொரு வருடமும் ஆடிட்டர் ஒருவர் "இவர்கள் அனுமதித்த வேலையை மட்டும்தான் செய்தார்கள்" என்று சான்றிதழ் தர வேண்டும்.

இந்தச் சான்றிதழில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர் இயந்திரக் கம்பெனியின் லயசன் ஆபீஸை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். சென்னையில் ஒரு மேனேஜர், ஓர் உதவியாளர், ஒரு டிரைவர். மேனேஜர் கெட்டிக்காரர், கோயம்புத்தூருக்கும் ஓசூருக்கும் சுற்றிக்கொண்டே இருப்பார். வாடிக்கையாளர் விலையைக் குறைக்கச் சொன்னால் தலைமையகத்தைக் கேட்க இரண்டு நாள் ஆகும் என்று தானே மெயிலில் "4% தள்ளுபடி தருகிறோம், உறுதி" என்று எழுதிவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது நல்ல விற்பனையாளர் செய்கிற வேலை. வரித்துறை ஆய்வுக்கு வந்தபோது அந்த மெயில்களைத்தான் எடுத்து வைத்தார்கள். விலை பேசி முடித்திருக்கிறீர்கள், ஆர்டரை உறுதி செய்திருக்கிறீர்கள், இது எப்படி வெறும் தகவல் தொடர்பு? கம்பெனி வருடக்கணக்கில் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றே யாராவது உட்கார வைத்து, எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். என்னை இன்றும் வருத்துவது அதுதான்.

அடுத்தது கிளை, பிராஞ்ச் ஆபீஸ். இது சம்பாதிக்கலாம். ஏற்றுமதி இறக்குமதி, ஆலோசனை, ஆராய்ச்சி, மென்பொருள் எழுதுவது எல்லாம் அனுமதி உண்டு, ஆனால் தானே உற்பத்தி செய்ய முடியாது, சில்லறைக் கடை போட முடியாது. நிபந்தனையும் கடினம்: அதே 2016 விதியில் 5 வருட லாபம், 100,000 டாலர் நிகர மதிப்பு. கிளை என்பது தனி ஆள் இல்லை, தாய்க் கம்பெனியின் கைதான் இங்கே நீண்டிருக்கிறது. சென்னைக் கிளையின் மேல் ஒருவர் வழக்குப் போட்டால் சிங்கப்பூர் கம்பெனியின் மேல் போட்டதாகத்தான் அர்த்தம், அங்கே வங்கியில் இருக்கிற பணம் வரைக்கும் கை நீளும். புராஜெக்ட் ஆபீஸ் என்று இன்னொன்று, சுரங்கம் தோண்ட, பாலம் கட்ட என்று ஒரே ஒரு ஒப்பந்தத்துக்காக வந்து, முடித்துவிட்டுப் போகிறவர்களுக்கானது. அதை விட்டுவிடலாம்.

மூன்றாவது, இங்கேயே ஒரு கம்பெனியைப் பிறப்பிப்பது. பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து சேர்வது இங்கேதான். 2013-ஆம் வருடக் கம்பெனிகள் சட்டப்படி பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது 2 பங்குதாரர், 2 டைரக்டர், அவர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருப்பவர். குறைந்தபட்ச மூலதனம் என்ற விதி 2015-இல் போய்விட்டது. 100% எங்களுடையது என்று சொல்கிறார்களே, இரண்டாவது பங்குதாரர் எங்கிருந்து வந்தார் என்று கேட்பீர்கள்: தாய்க் கம்பெனியின் சார்பில் யாராவது ஒருவர் பெயரில் ஒரே ஒரு பங்கு இருக்கும். வெளிநாட்டுப் பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை போக வேண்டும். இந்த 30 நாளைத் தவறவிட்டு அபராதம் கட்டாத புதுக் கம்பெனியைப் பார்ப்பதே எனக்கு அபூர்வம். இன்னொரு வடிவம் எல்எல்பி, பங்காளிகளின் பொறுப்புக்கு எல்லை வைத்த கூட்டு நிறுவனம். 2015 நவம்பர் முதல், 100% வெளிநாட்டு முதலீடு தடையில்லாமல் அனுமதிக்கப்பட்ட துறைகளில் இதிலும் தானியங்கி வழியில், அதாவது அரசின் முன் அனுமதி கேட்காமலே, முதலீடு செய்யலாம். மென்பொருள் அதில் வரும்.

வரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், என் தம்பி கேட்டது அதைத்தானே. சென்னையில் 100 ரூபாய் லாபம் வருகிறது, அது முழுவதையும் சிங்கப்பூருக்கு எடுத்துப் போக வேண்டும் என்று வையுங்கள். கிளையாக இருந்தால் வெளிநாட்டுக் கம்பெனிக்கான வரி 35% (2024-25 நிதியாண்டுக்கு முன்பு 40% இருந்தது), செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 36.40. கையில் 63.60. அதற்கு மேல் பணத்தை அனுப்புவதற்கென்று தனி வரி இல்லை. இந்தியக் கம்பெனியாக இருந்து, சலுகைகளை விட்டுக்கொடுத்து 22% வரியைத் தேர்ந்தெடுத்தால் சர்சார்ஜ் (வரியின் மேல் போடும் வரி), செஸ் எல்லாம் சேர்ந்து 25.17. மிச்சம் 74.83. அதை டிவிடெண்டாக அனுப்பும்போது, சிங்கப்பூர் கம்பெனியிடம் 25% பங்காவது இருந்தால் இந்திய-சிங்கப்பூர் வரி ஒப்பந்தப்படி 10% பிடிப்பார்கள், 7.48 போகும். கையில் 67.35. எல்எல்பி என்றால் லாபம் 1 கோடிக்குள் இருக்கும்வரை 31.20 வரி, பங்காளிக்குக் கொடுக்கும்போது மறுபடி வரி கிடையாது, கையில் 68.80. 1 கோடியைத் தாண்டினால் சர்சார்ஜ் ஏறி 65.06-க்கு இறங்கும். கிளைக்கும் 1 கோடிக்கு மேல் கொஞ்சம் ஏறும்.

இந்த எண்களை வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் மூன்றுக்கும் இடையே வித்தியாசம் ஐந்து ரூபாய்தான், அதுவும் லாபம் முழுவதையும் வெளியே எடுத்தால். எடுக்காமல் இங்கேயே போட்டு வளர்க்கப் போகிறீர்கள் என்றால் கதை மாறுகிறது: கம்பெனியில் 74.83 தங்கும், கிளையில் 63.60. பணம் வெளியே போகப் போகிறதா, உள்ளே தங்கப் போகிறதா என்று யோசிக்காமல் வரி விகிதத்தை மட்டும் ஒப்பிடுகிறவர்களிடம் நான் பொறுமை இழந்துவிடுகிறேன். அப்புறம், எட்டுப் பேர் எழுதும் மென்பொருள் கோட் முழுவதும் சிங்கப்பூர் கம்பெனிக்கே போகிறது என்றால், சென்னைக் கம்பெனியின் ஒரே வருமானம் தாய்க் கம்பெனி தரும் செலவும் அதன் மேல் ஒரு லாப விகிதமும்தான். அந்த விகிதம் சந்தையில் வெளியாட்கள் வாங்குவதற்கு ஒத்துப்போகிறது என்று வருடாவருடம் ஆடிட்டர் அறிக்கை கொடுக்க வேண்டும், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும். அந்தச் செலவை முதல் நாளே பட்ஜெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

தனியாக வருவதா, உள்ளூர்க் கூட்டாளியோடு வருவதா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. சென்னையைச் சுற்றியே இதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. 1974-இல் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டுப் பங்கை 40%-க்குள் கொண்டுவரச் சொன்னது. பங்கையும் தன் ரகசியத்தையும் விட மனமில்லாமல் 1977-இல் கோகோ கோலா மூட்டை கட்டியது, அடுத்த வருடம் ஐபிஎம். அந்தக் காலத்தில் வர நினைத்தவர்களுக்குக் கூட்டாளி கட்டாயம். ஓசூரில் டிவிஎஸ் குழுமமும் சுசுகியும் சேர்ந்து இந்த்-சுசுகியைத் தொடங்கியது 1982-இல். அதே வருடம்தான் மாருதியிலும் சுசுகி 26% பங்கோடு நுழைந்தது. ஒரே ஜப்பானியக் கம்பெனி, ஒரே வருடம், இரண்டு கூட்டு. மாருதியில் படிப்படியாக ஏறி 2002-இல் 54.2%-ஐத் தொட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. ஓசூரில் 2001-இல் பங்கை விட்டுவிட்டு வெளியேறியது, டிவிஎஸ் சொந்தக் காலில் நின்றது, சுசுகி இருசக்கர வாகனத்துக்காக 2006-இல் தன் சொந்தக் கம்பெனியோடு முதலிலிருந்து ஆரம்பித்தது.

1991-க்குப் பிறகு முன்னுரிமைத் தொழில்களில் வெளிநாட்டுப் பங்கு 51% வரை எளிதாக வந்தது, அதற்கு மேல் போக அரசின் ஒப்புதல் வேண்டும். 1995-இல் ஃபோர்டு மஹிந்திராவோடு கைகோத்து வந்தது, மூன்றே வருடத்தில் கம்பெனியின் பெரும்பங்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1996-இல் வந்த ஹூண்டாய் ஆரம்பத்திலிருந்தே கூட்டாளி வேண்டாம் என்று முழு உரிமையோடு இருங்காட்டுக்கோட்டையில் இறங்கியது, 1998-இல் சான்ட்ரோ ஓடத் தொடங்கியது. 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா பங்குச் சந்தைக்கு வந்தபோது தாய்க் கம்பெனி தன் பங்கில் 17.5%-ஐ விற்று சுமார் 27,870 கோடி ரூபாயைக் கொரியாவுக்கு எடுத்துப் போனது. இங்கே தனிக் கம்பெனி ஒன்று, அதன் பங்கு முழுவதும் தன் கையில் என்று இருந்ததால்தான் அது நடந்தது, கிளையில் விற்பதற்குப் பங்கே கிடையாது. ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்ததற்குக் காரணம் வேறு, விற்பனையும் நஷ்டமும். கூட்டாளியோடு வந்ததால் தோற்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கூட்டின் ஆபத்து தொடக்கத்தில் தெரியாது, பிரியும்போதுதான் தெரியும். 1998-இல் மத்திய அரசு பிரஸ் நோட் 18 என்று ஒன்று கொண்டுவந்தது. இந்தியாவில் ஏற்கெனவே ஒரு கூட்டு வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனி அதே துறையில் தனியாக இறங்கினால் தானியங்கி வழி கிடையாது, அரசிடம் போக வேண்டும், பழைய கூட்டாளிக்குப் பாதிப்பில்லை என்று காட்ட வேண்டும். நடைமுறையில் பழைய கூட்டாளியின் சம்மதக் கடிதம் இல்லாமல் அசைய முடியாது. 2005-இல் தளர்த்தினார்கள், 2011-இல்தான் எடுத்தார்கள். இப்போது அந்த விதி இல்லை, ஆனால் கூட்டு ஒப்பந்தத்தில் அதே மாதிரி போட்டித் தடை நிபந்தனையை இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்கிறார்கள், படிக்காமலே.

வெளியேறும் வாசலுக்கு டோகோமோவைவிட நல்ல பாடம் இல்லை. ஜப்பானின் என்டிடி டோகோமோ 2009-இல் டாடாவின் தொலைபேசிக் கம்பெனியான டாடா டெலிசர்வீசஸில் சுமார் 26.5% பங்கு வாங்கியது. வியாபாரம் இலக்கைத் தொடாவிட்டால் எங்கள் பங்குக்கு ஆள் பிடித்துத் தர வேண்டும், நியாய விலை அல்லது போட்ட பணத்தில் பாதி, இதில் எது அதிகமோ அது என்று எழுதிக்கொண்டார்கள். கவனமாக எழுதப்பட்ட ஒப்பந்தம்தான். 2014-இல் அதைக் கேட்டபோது ரிசர்வ் வங்கி அனுமதிக்கவில்லை, அந்தப் பங்கின் நியாய விலை அந்தப் பாதியைவிட ரொம்பக் குறைவு, உறுதி செய்யப்பட்ட விலையில் வெளியேறுவது அந்நியச் செலாவணி விதிக்கு ஒவ்வாது என்றது. லண்டன் நடுவர் மன்றம் 2016-இல் சுமார் 117 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது, 2017-இல் டெல்லி உயர்நீதிமன்றம் ரிசர்வ் வங்கியின் ஆட்சேபத்தைத் தள்ளிய பிறகே பணம் போய்ச் சேர்ந்தது. டாடாவும் டோகோமோவும் இதற்குத் தாங்கும். எட்டுப் பேர் வைத்திருக்கும் ஒரு கம்பெனி லண்டனில் நடுவர் மன்றம் வரை போக முடியாது, ஆகவே கூட்டு என்றால் பிரிவது எப்படி, எந்த விலைக்கு, அந்த விலை இந்திய விதிக்குள் வருமா என்பதை முதல் பக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது.

என் தம்பிக்கு வருகிறேன். அவன் கம்பெனிக்கு வயது 4 வருடம், கிளைக்கு 5 வருட லாபம் வேண்டும், அது அங்கேயே அடைபட்டது. லயசன் ஆபீஸில் கோட் எழுத முடியாது. சிங்கப்பூரிலிருந்து இவனும் இன்னொருவரும் மாற்றி மாற்றி வந்து சென்னையில் வேலை பார்ப்பது என்ற யோசனையும் வைத்திருந்தான். இந்திய-சிங்கப்பூர் ஒப்பந்தப்படி அப்படி வந்து சேவை தரும் நாட்கள் ஒரு நிதியாண்டில் 90-ஐத் தாண்டினால் அதுவே தொழிலிடம், சொந்தக் குழுமக் கம்பெனிக்கென்றால் 30 நாளே எல்லை. கையில் மிஞ்சியது கம்பெனியும் எல்எல்பியும். நாளைக்கு ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும், முதலீட்டாளர் வரலாம் என்று அவன் நினைப்பதால் எல்எல்பி பொருந்தவில்லை.

இன்னொரு வழியையும் சொன்னேன், வெளிநாட்டுத் தமிழர்கள் பலருக்கு இது தெரியாது. வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு, இந்தியக் கடவுச்சீட்டோ ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர், பணத்தைத் திரும்ப எடுத்துப் போகாத அடிப்படையில் சொந்தப் பெயரில் முதலீடு செய்தால் அது உள்நாட்டு முதலீடாகவே கருதப்படும், வெளிநாட்டு முதலீட்டு அறிக்கைகள் தேவையில்லை. சம்பாதித்ததை என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழ்பவர் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் வங்கிக் கணக்கு) வழியாக வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகவும் முடியும். இலங்கை வழி வந்த கனடா, லண்டன் தமிழர்களுக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது, அவர்கள் மற்ற வெளிநாட்டவர் மாதிரிதான். ஆனால் இந்த வழியில் போனால் சென்னைக் கம்பெனி அவனுடைய சொந்தச் சொத்து, சிங்கப்பூர் கம்பெனியின் பிள்ளை ஆகாது. சிங்கப்பூரில் அவனோடு இன்னும் இரண்டு பங்காளிகள் இருக்கிறார்கள், கோட் யாருடையது என்று நாளைக்கு அவர்கள் கேட்பார்கள். அதனால் சிங்கப்பூர் கம்பெனியே முழு உரிமையோடு சென்னையில் பிரைவேட் லிமிடெட் பதியட்டும் என்று முடிவாயிற்று.

அப்போதுதான் 182 நாள் டைரக்டர் பிரச்சினை வந்தது. "அப்பாவைப் போட்டுடலாம்ணே, சும்மாதானே வீட்ல இருக்காரு" என்றான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. மூன்று வருடம் தொடர்ந்து கணக்கு தாக்கல் செய்யாத கம்பெனிகளின் டைரக்டர்கள் என்று 2017-இல் மூன்று லட்சம் பேருக்கு மேல் தகுதி இழந்தார்கள், பெயருக்குக் கையெழுத்துப் போட்டு வைத்த அப்பா, மனைவி, மச்சான்கள் அதில் எத்தனை பேர் என்பது ஆடிட்டர்களைக் கேட்டால் தெரியும். பி.எஃப் கட்டாவிட்டாலும் சம்பளத்தில் பிடித்த வரியை (டிடிஎஸ்) கட்டாவிட்டாலும் நோட்டீஸ் முதலில் போய் நிற்பது உள்ளூர் டைரக்டரின் வீட்டு வாசலில்தான், சித்தப்பாவுக்கு வயது 71. சென்னை டீமுக்குத் தலைமை தாங்க அவன் எடுக்கப் போகும் பெண் பதினைந்து வருட அனுபவம் உள்ளவர். அவரையே டைரக்டராகப் போடு, அதற்கென்று தனியாகச் சம்பளம் கொடு, பொறுப்புக் காப்பீடு எடுத்துக் கொடு, எதில் எல்லாம் அவர் கையெழுத்துப் போடலாம் என்பதை போர்டு தீர்மானமாக எழுது என்றேன். அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.